கண்ணாடி ஓரத்து மேசை

"பைய தின்னுலே, பிச்சக்கண்ணு. ஒன் இலையை யாரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க" என்றான் முத்துமாலை. மடியில் வெள்ளைத் துணியை விரித்து, பால்குடி மறந்த நாளிலிருந்து முள்கரண்டியால் தின்றவனைப் போல அவன் உட்கார்ந்திருந்தான்.

பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்த பிரெஞ்சு ஓட்டல் அது. பரிமாறுகிறவர் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலியாகக் கிடந்த மேசைகளையெல்லாம் தாண்டி, ரோட்டைப் பார்த்த கண்ணாடி ஓரத்தில் இருவரையும் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்.

மழை பிடித்த நாளிலிருந்து பிச்சைக்கண்ணுவுக்குக் கட்டட வேலை கிடையாது. இன்றைக்குக் கூலி கிடைத்தால்தான் ராத்திரி வீட்டில் உலை. "வேல இருக்கு, நல்ல சட்ட போட்டுட்டு வா" என்று முத்துமாலை கூப்பிட்டதும், மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

போன மாசம்வரை இருவரும் ஒரே சாரத்தில் நின்றவர்கள். இப்போது முத்துமாலை இங்கே வந்து சாப்பிடுகிறான் என்றால், காண்டிராக்ட் எடுத்துவிட்டான் என்றுதான் அர்த்தம். காண்டிராக்டர் ஆனவன் வேலை கொடுக்குமுன் தன் பவுசைக் காட்டாமல் விடமாட்டான்.

"வேல எங்கன? முக்கூடலா?"

"மொதல்ல தின்னு. இப்பமே சொன்னா ஒம் மூஞ்சி மாறிரும்."

அடுத்த தட்டு வந்தது. சட்டி அகலத் தட்டின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீன் துண்டு. பக்கத்தில் பச்சையாக ஒரு தீற்றல்.

"இது தொட்டுக்கிடவா? இல்ல, செவுத்துக்கு எந்தக் கலர் அடிக்கலாம்னு கேக்கானா?"

தளம் போடுகிற நாளில் கலவை இறுகுவதற்குள் தின்று எழுந்து பழகியவன் பிச்சைக்கண்ணு. மீன் ஒரே வாயில் போயிற்று. பரிமாறுகிறவர் பதறிக்கொண்டு வந்து குனிந்தார்.

"ரசிச்சுச் சாப்பிடுங்க சார். அவசரமே இல்ல."

"எனக்கு இருக்கு."

வெளியே காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் கண்ணாடி வழியாக இவர்களைப் பார்த்தது. முத்துமாலை தண்ணீர்த் தம்ளரைக் கொஞ்சம் உயர்த்தி, ஒன்றுமில்லாததற்குச் சிரித்தான். குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்தது.

"எதுக்குலே சிரிக்க?"

"நீயும் சிரி."

"வேலயக் குடு. நாள் பூரா சிரிக்கேன்."

கடைசியாகக் கிண்ணத்தில் ஏதோ இனிப்பு, தொட்டால் நடுங்குவதாக, வந்து சேர்ந்தது. முத்துமாலை அதை எறும்பு அரிப்பதுபோல ஓரத்தில் சுரண்டினான். பிச்சைக்கண்ணு கிண்ணத்தை அப்படியே வாயில் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"நீ மொதலாளி, உக்காந்து தின்னுவ. எனக்கு இன்னைக்குக் கூலி வேணும்லே. எடத்தச் சொல்லு, நடந்தாவது போயிருதேன்."

சத்தம் கேட்டு அந்தக் குடும்பம் திரும்பியது. கையிலிருந்த மெனு அட்டையை மேசையில் வைத்துவிட்டு, போய்விடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த ஓட்டல்காரரின் முகம் இருண்டது.

முத்துமாலை சிரிப்பு மாறாமலே, பிச்சைக்கண்ணுவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"ஒக்காருலே. ஒங் கூலி மட்டுமில்ல, எங் கூலியும் போயிரும்."

"ஒனக்குக் கூலியா? எதுக்கு?"

"ரோட்டுல போறவுக பாக்க, பைய திங்கதுக்கு."