மேலே போன நீலம்

வெள்ளையும் நீலமும் ஒரு பெயிண்ட் டப்பாவில் கலந்து வான நிறமாக இருந்தன. வெள்ளைத் துகள் கனமானது, நீலத் துகள் பொடிசு. கதவில் பூசிய பிறகும் பிரிவதில்லை என்று இரண்டும் பேசி வைத்திருந்தன.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பெயிண்டர் சவரிமுத்து பெயிண்டை இளக்கும் தின்னரைத் தாராளமாக ஊற்றியிருந்தார். கதவில் பூசி முடித்ததும் தின்னர் கிளம்பத் தயாரானது.

"நான் பூச்சுக்கு மேலே போகிறேன். எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். கூட வருகிறாயா தம்பி?" என்று நீலத்தைக் கேட்டது.

"வெள்ளை அண்ணன்?"

"அவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் பெயிண்டே காய்ந்துவிடும்."

நீலம் தொற்றிக்கொண்டது. "திரும்பி இறங்க வழி கேட்டாயா?" என்றது வெள்ளை.

"உங்களுக்குப் பொறாமை அண்ணே."

மேலே வந்ததும் தின்னர் சொல்லிக்கொள்ளாமல் காற்றோடு போனது. அதற்குள் பெயிண்ட் இறுகிவிட்டது. நீலம் கதவெங்கும் திட்டுத் திட்டாக நின்றது.

காலையில் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னப்பா, கதவுக்குத் தேமலா?" என்றார்.

"கேட்டீர்களா அண்ணே, வந்ததும் என்னைத்தான் பார்த்தார்" என்றது நீலம்.

"சந்தோஷம். பக்கத்தில் சவரிமுத்து நிற்கிறாரா?"

"நிற்கிறார். கையில் ஏதோ சொரசொரப்பான தாள்."

"அது உப்புத்தாள் தம்பி. தேய்ப்பதை மேலே இருந்துதான் தொடங்குவார்" என்றது வெள்ளை.