குறை கேட்க வந்தவர்கள்

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார்" என்றாள் கெங்கம்மாள்.

சுகிர்தாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போன வாரமே பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, கெங்கம்மாளைக் கூப்பிடச் சொல்லி, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள். போர்வெல்லில் வருவது மஞ்சள் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. தெருக்குழாயில் காற்றுதான் வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை வரும் லாரியை விட்டால் கதியில்லை. இதைச் சொன்னால் போதும்.

அத்தனைக்கும் 'சரி, சரி' என்ற மகராசி இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பொது நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது, மக்களுக்கு வேலை செய்தும் படிக்க வேண்டும் என்று கல்லூரியில் புது ஏற்பாடு. ஓர் ஊரின் குறையைக் கையில் எடுத்தால், அது தீரும்வரை கலெக்டர் அலுவலகத்துக்கு நடப்பது வகுப்பின் பொறுப்பு.

புதுவாயல் கம்பெனிகளுக்குப் பின்னால் கிடக்கும் இந்தக் காலனியைத்தான் எடுக்க வேண்டும் என்று பேராசிரியர் அருணாச்சலத்திடம் மல்லுக்கு நின்றவள் சுகிர்தா. தெரிந்தவர்கள் ஊரென்றால் பரிந்து பேசுவீர்கள், அது மட்டும் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

வந்து பார்த்தால், கெங்கம்மாள் கடையில் இரவல் வாங்கி நாற்காலி போட்டிருக்கிறாள். வகுப்புக்கே எலுமிச்சை ஜூஸ். வெயிலில் வந்த பிள்ளைகள் முகம் கழுவட்டும் என்று குடத்தை வேறு சாய்க்கிறாள். ஒவ்வொரு சொம்புக்கும் சுகிர்தாவின் வயிறு எரிந்தது.

"இங்க தண்ணி கஷ்டம்னு சொன்னாங்களே..." என்று இழுத்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

கெங்கம்மாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாருக்கு இன்னொரு டம்ளர் நீட்டினாள்.

தண்ணீர் நல்ல ருசி என்றார் அருணாச்சலம். இங்கே நமக்கு வேலையில்லை, ஆரணிப் பக்கம் போய்ப் பார்ப்போம் என்று எழுந்தார். பிள்ளைகள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே வேனுக்கு நடந்தார்கள்.

சுகிர்தா செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். வந்த கோபத்தில் கெங்கம்மாளை முறைத்தாள்.

கெங்கம்மாள் வேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இது உன் ஊடுன்னு அந்த வாத்தியாருக்கு ஒருநாள் தெரியாம பூடுமா? குடிக்கிற தண்ணிக்கே வழியில்லாத ஊட்டுப் பொண்ணுன்னா உன்னிய எப்டி மதிப்பாரு? பேஜாரு பண்ணாம போ."

மகளின் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தாள்.

வாசலில் குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. லாரி நேற்றுத்தான் வந்துவிட்டுப் போயிருந்தது.