கலவாவின் ஏழு கம்மல்

கடலடிப் பாறையை நாங்கள் பார் என்போம். எங்கள் மூவருக்கு மட்டும் தெரிந்த பாரில் நான் கள்ளத்தனமாய்த் தனியே போய்த் தூண்டில் போட்டதாகக் காஸ்பர் பழி சொன்னான். பதினோரு வருடம் பேச்சில்லை. நேற்று மூன்றாமவன் லூக்காஸ் சமாதானம் பேசி இருவரையும் படகில் அங்கே கூட்டிப்போனான். கன்றுக்குட்டியளவு கலவா மீன் ஒன்று ஏறி வந்து, கேட்காமலே வாயைத் திறந்து காட்டியது. உதட்டில் கம்மல்போல ஏழு தூண்டில்முள். ஒன்றிலும் துருவில்லை, ஏழிலும் இடக்கை முடிச்சு. எங்களில் இடக்கைக்காரன் காஸ்பர் மட்டும்தான்.

"வேற பாருல மேஞ்சிருக்கும் மக்கா," என்றான் காஸ்பர்.

"கலவா பாரைவிட்டு நகராதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீதாம்லே."

லூக்காஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். கரை ஒன்பது மைல்.

"நீச்சல் மறந்து போச்சாலே?" என்று காஸ்பரிடம் கேட்டேன்.