பரோட்டா மாஸ்டரின் இடதுகை

மச்சானுக்கு டயாலிசிஸ் தொடங்குமுன், ஊசி ஏற்ற நல்ல நரம்பைத் தேடிக் கையை ஸ்கேன் செய்தார்கள்.

"எந்தக் கையால சாப்பிடுவீங்க?" என்றார் சிஸ்டர்.

"வலது."

உடனே இடதுகையில் பட்டை கட்டினார். நரம்பு தாம்புக்கயிறாக எழுந்தது.

"டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பைப் பெருசாக்குற ஆபரேஷனை இதுலயே பண்ணிடலாம். அப்புறம் இந்தக் கையால கடின வேலை கூடாது."

நான் குறுக்கே புகுந்தேன். ஊரிலிருக்கும் அக்காவிடம் என்ன சொல்வேன்? "சிஸ்டர், இவரு பரோட்டா மாஸ்டர். மாவு வீசுறது இடதுகையாலதான்."

சிஸ்டர் வலதுகையைப் பார்த்தார். நரம்பு நூலாக இருந்தது. "தினமும் இந்தக் கையால பந்து அமுக்குங்க. ஒரு மாசத்துல நரம்பு பெருசாகலன்னா இடதுதான்."

"பந்து எதுக்கு மாப்ள, மாவு இருக்குல்ல," என்றார் மச்சான் என்னிடம்.

மறுநாள் கடையில் வலதுகையால் அவர் வீசிய முதல் பரோட்டா கல்லைத் தாண்டி முதலாளியின் மடியில் விழுந்தது. முதலாளி அதைப் பந்தாக உருட்டித் திருப்பி நீட்டினார்.

"இன்னும் நல்லா அமுக்குங்க மாஸ்டர்."