அடுப்பு மறுத்த சாம்பார் சாதம்

“அரிசி, பருப்பு, காய்கறி! இதுல கோதுமை எங்கே இருக்கு, சனியனே?”

வேதவல்லி அடுப்பைத் திட்டியது மூன்றாவது மாடிவரை கேட்டது. சாப்பிட வருகிறவருக்கு ஆகாதது பானையில் விழுந்தால் தானே அணைந்துவிடும் அடுப்பு அது. வரப்போவது மகன் காதலிக்கும் இன்பா. கோதுமை துளி பட்டாலும் அவளுக்கு ஆஸ்பத்திரிதான்.

“பெருங்காயத்துல மைதா கலந்திருக்கும்மா,” என்றது அடுப்பு.

அடுப்பு மட்டும் அணையாமல் இருந்திருந்தால் என்று நினைத்ததுமே வேதவல்லி பானையில் இருந்ததை அப்படியே கொட்டினாள். பெருங்காயத்துக்குப் பதில் பூண்டைத் தட்டிப் போட்டு, முதலிலிருந்து சமைத்தாள்.

இன்பா மறுசோறு கேட்டாள். “பயப்படாம வெளியே சாப்பிடறது இதான் முதல் தடவை, அத்தை.”

தையில் கல்யாணம், மாசியில் ஓசூரில் தனிக்குடித்தனம். புதுக்குடித்தனச் சாமான்களோடு அந்த அடுப்பும் போனது. வண்டியில் ஏற்றுமுன் வேதவல்லி அதற்குத்தான் முதலில் திருஷ்டி கழித்தாள்!