சாம்பிள் தண்ணீர்

“நாளைக்குள்ள சாம்பிள் கொடுக்கலேன்னா பட்டறைக்கு சீல் வெச்சிடுவாங்களாம்ங்க!”

மனைவி நோட்டீஸைப் படித்துக் காட்ட, முலாம் பூசும் பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் கொடுத்திருந்த காலி பாட்டில். நீர்வளம் காக்க அரசு கொண்டுவந்த புதுத் திட்டம். பட்டறைக் கழிவுநீரை முதலாளியே பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மனிதர்களை நம்புகிற திட்டம், பாவம்!

அவரிடம் சுத்திகரிப்புத் தொட்டி கிடையாது. பத்து வருடமாக முலாம் தண்ணீர் வீட்டுக் கொல்லைக் குழிக்குள் இறங்கி மாயமாகிவிடும். எங்கே போகிறது என்று அவர் கவலைப்பட்டதில்லை.

“நம்ம வீட்டுக் கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே. அதை ரொப்பிக் கொடுங்க.”

“ரொம்பச் சுத்தமா இருந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?”

“புது மெஷின் வாங்கிட்டேன்னு சொல்லுங்க.”

அவர் கிணற்றில் வாளியை இறக்கும்போது மகள் வந்து கையை நீட்டினாள்.

“அப்பா, இன்னிக்கும் அரிக்குதுப்பா.”

“மருந்து தடவிக்கோம்மா. அப்பாவுக்கு வேலை இருக்கு.”

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெஞ்சில் காத்திருந்த அரை மணி நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பட்டறை போனால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

பெண் அதிகாரி ஃபைலிலிருந்து நிமிர்ந்து அவரையே உற்றுப் பார்த்தார்.

“இது உங்க பட்டறைத் தண்ணிதானே?”

“எ... என் பொண்ணு மேல சத்தியமா, எங்க பட்டறைத் தண்ணிதான் மேடம்.”

“பாஸ்!” அதிகாரி சிரித்தார். “உங்க தெருவுல பாஸானது நீங்க ஒருத்தர்தான். குரோமியம் இருக்கு. ஆனா கழிவுநீருக்கு அனுமதிச்ச அளவுக்குள்ளதான்.”

“குரோமியமா? அதுல எப்படி மேடம்...?”

“முலாம் பட்டறைத் தண்ணில வேற என்ன இருக்கும்? வெளிய விடலாம், குடிக்கத்தான் கூடாது. குடிதண்ணில இருக்கலாங்கிற அளவைப் போல இருபது மடங்கு இருக்கு. முதல்ல தோல் அரிக்கும். அப்புறம் ஈரல், கிட்னின்னு போகும். குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க.”

சான்றிதழைக்கூட வாங்காமல் வெளியே ஓடினார். செல்போனில் மூன்றாவது தடவைதான் மனைவி கிடைத்தாள்.

“கிணத்துத் தண்ணியை யாரும் தொடாதீங்க! பாப்பா எங்கே?”

“ஸ்கூல்ல இருப்பா. பாட்டில் நிறைய கிணத்துத் தண்ணி ரொப்பித்தான் அனுப்பினேன். ஏங்க, குரல் ஒரு மாதிரியா இருக்கு? சாம்பிளை ஃபெயில் பண்ணிட்டாங்களா?”

“பாஸ் பண்ணிட்டாங்கடி!” என்று அலறினார் அவர்.