ஒன்பதாம் படுக்கையின் ரத்தம்

ஏழாம் மாதமே பனிக்குடம் உடைந்துவிட்ட ஒன்பதாம் படுக்கைக்காரியின் ரத்தம் தினமும் காலை ஆறு மணிக்கு லேபுக்கு வந்துவிடும். கிருமி தொற்றினால் சிஆர்பி எண் ஏறும். ஏறாதவரை குழந்தை உள்ளேயே வளரலாம். ஐந்து நாளும் நான்கைத் தாண்டவில்லை. ஆறாம் நாள் தொண்ணூறு. லேப்காரி பதறியடித்து வார்டுக்குப் போன் போட்டாள். எட்டு மணிக்கு ஆபரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பத்து மணிக்கு நர்ஸ் ஒரு குப்பியோடு வந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, ஒன்பதாம் படுக்கையோட காலை ரத்தம். டூட்டி மாறுற அவசரத்துல அனுப்ப மறந்தே போச்சு."

"அப்ப நான் பார்த்தது?"

படுக்கை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மெஷினில் வைப்பது லேப்காரியின் பழக்கம். காலையில் மெஷினில் வைத்த குப்பியை எடுத்து, இப்போதுதான் அதன் சீட்டை முழுசாகப் படித்தாள். ஒன்பதாம் படுக்கை, பெண் குழந்தை. எடுத்த நேரம் காலை ஐந்தரை.

நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "பச்சப் புள்ளைக்குக் குதிகால்லதானே குத்தி ரத்தம் எடுப்போம். பொறக்கும்போதே அதோட குதிகால்ல ஊசி குத்தின காயம் இருந்துச்சுக்கா."